டேட்டாபேஸ் சர்வரில் நினைவக அமைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வரில் ரேம் தாராளமாக இருக்கும். டேட்டாபேஸ் மட்டும் நகராது. இல்லையென்றால், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஓர் எண்ணை மாற்றியதும் படுத்துவிடும். இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். பேச்சு பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் பற்றியது. மைஎஸ்க்யூஎல் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம். கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே சர்வர்: 32 ஜிபி ரேம், 100 கனெக்ஷன், டேட்டாபேஸைத் தவிர வேறு வேலை இல்லை. அமைப்புகளின் பெயரை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கோப்பில் தட்டும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும்.

இன்ஸ்டால் பண்ணினதும் இருக்கிற செட்டிங்ஸை அப்படியே விட்டா என்ன?

ஓடும். ஆனால் அந்த எண்கள் எந்தச் சின்ன இயந்திரத்திலும் டேட்டாபேஸ் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தவை. போஸ்ட்கிரெஸில் ஷேர்டு பஃபர்ஸ் (எல்லாக் கனெக்ஷனும் பகிர்ந்துகொள்ள டேட்டாவை ரேமில் வைக்கும் இடம்) 128 எம்பி, வொர்க் மெம் (குவெரிக்குள் வரிசைப்படுத்துவது போன்ற வேலைக்கான இடம்) 4 எம்பி, மெயின்டனன்ஸ் வொர்க் மெம் (பராமரிப்பு வேலைக்கான இடம்) 64 எம்பி. மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமித்துப் படிக்கும் பகுதியின் பெயர் இன்னோடிபி, அதன் இன்னோடிபி பஃபர் பூல் சைஸும் 128 எம்பிதான்.

போஸ்ட்கிரெஸில் இதனால் ரேம் முழுக்க வீணாகிவிடாது. அது கோப்புகளை லினக்ஸ் வழியாகவே படிப்பதால், மீதி ரேமை லினக்ஸ் தன் கேச்சாக (டிஸ்க்கில் படித்ததை வைத்துக்கொள்ளும் இடமாக) பயன்படுத்திக்கொள்ளும். இன்னோடிபி லினக்ஸ் கேச்சைத் தவிர்க்கும்படி அமைந்திருந்தால் நிலைமை வேறு: 128 எம்பிக்கு மேல் தேவைப்படும் ஒவ்வொரு பேஜுக்கும், அதாவது டேட்டாவைப் படிக்கும் ஒவ்வொரு துண்டுக்கும், டிஸ்க்குக்கே போய் வரவேண்டும்.

இத்தனை செட்டிங் இருக்கே, எதை முதல்ல பாக்கணும்?

எந்த எண்ணைத் தொடும் முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஒரு தடவை எடுக்கும் நினைவகமா, இல்லை எத்தனையோ மடங்காகப் பெருகுவதா? ஷேர்டு பஃபர்ஸும் பஃபர் பூலும் சர்வர் முழுமைக்கும் ஒரே தடவை. வொர்க் மெம், டெம்ப் பஃபர்ஸ், மைஎஸ்க்யூஎல்லின் சார்ட் பஃபர், ஜாயின் பஃபர் ஆகியவை ஒவ்வொரு கனெக்ஷனுக்கும், சில சமயம் ஒரே குவெரிக்குள்ளேயே பல தடவை. எஃபெக்டிவ் கேச் சைஸ் ஒரு பைட்கூட எடுக்காது.

ஒரு தடவை எடுப்பதில் தப்பு செய்தால் சர்வர் தொடங்கும்போதே தெரிந்துவிடும். பெருகுவதில் செய்த தப்பு, கூட்டம் அதிகமான நேரத்தில்தான் தெரியும். அதனால் கவனம் எல்லாம் இரண்டாவது வகையில் இருக்கட்டும்.

ஃப்ரீ கமாண்ட் போட்டா 32 ஜிபில ஒரு ஜிபிதான் காலின்னு வருது. ரேம் பத்தலையா?

'ஃப்ரீ' பத்தியைப் பார்க்காதீர்கள், 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். சும்மா இருக்கும் ரேமை லினக்ஸ் கோப்புக் கேச்சுக்கு எடுத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். 'பஃப்/கேச்' பத்தியை அப்படியே காலிக் கணக்கில் சேர்ப்பதும் தப்பு. ஷேர்டு பஃபர்ஸும் அந்தப் பத்திக்குள்தான் வரும், அதை லினக்ஸால் தூக்கி எறிய முடியாது. 'அவைலபிள்' அதையும் கழித்துத்தான் சொல்கிறது.

உண்மையான தட்டுப்பாடு விஎம்ஸ்டாட் கமாண்டில் தெரியும். ரேம் போதாதபோது லினக்ஸ் பேஜ்களை டிஸ்க்கில் ஒதுக்கிவைக்கும் இடம் ஸ்வாப். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரண்டு பத்திகள் முறையே ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவதையும் ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவதையும் காட்டும். தொடர்ந்து பூஜ்யம் என்றால் கவலை வேண்டாம்.

ஷேர்டு பஃபர்ஸ் எவ்வளவு வைக்கணும்?

மொத்த ரேமில் கால்வாசியில் தொடங்குங்கள். நம் சர்வருக்கு 8 ஜிபி. 40 சதவீதத்தைத் தாண்டுவதால் பலன் கிடைப்பது அபூர்வம். காரணம், ஒரே பேஜ் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும்: ஒன்று ஷேர்டு பஃபர்ஸில், இன்னொன்று லினக்ஸ் கேச்சில். பாதிப் பாதியாகப் பிரித்தால் இந்த இரட்டிப்பு உச்சத்துக்குப் போகும். அதோடு, எழுத்து வேலை அதிகமுள்ள டேட்டாபேஸில் பெரிய பஃபர் என்றால் செக்பாயின்ட் நேரத்தில் (மாறிய பேஜ்களை மொத்தமாக டிஸ்க்கில் எழுதும் நேரத்தில்) இறக்கவேண்டிய அழுக்குப் பேஜும், அதாவது மாறியும் இன்னும் எழுதாத பேஜும், அதிகம். பஃபரைக் கூட்டினால் 1 ஜிபியில் இருக்கும் மேக்ஸ் வால் சைஸையும் கூட்டுங்கள் ('வால்' என்பது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு). இல்லாவிட்டால் 5 நிமிட இடைவெளிக்குக் காத்திராமல் செக்பாயின்ட் அடிக்கடி வந்து நிற்கும்.

ஷேர்டு பஃபர்ஸை மாற்றினால் ரீஸ்டார்ட் தேவை, கோப்பைத் திரும்பப் படிக்கவைக்கும் ரீலோடு மட்டும் போதாது. வால் பஃபர்ஸைத் தொடவேண்டாம்: அது ஷேர்டு பஃபர்ஸில் 32இல் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொண்டு 16 எம்பியில் நின்றுவிடும்.

மைஎஸ்க்யூஎல்லுக்கு 75 சதவீதம்கிறாங்க. போஸ்ட்கிரெஸுக்கு மட்டும் ஏன் 25?

இன்னோடிபியில் ஃப்ளஷ் மெத்தடை 'ஓ டைரக்ட்' என்று வைத்தால் டேட்டா கோப்புகளைப் படிக்கும்போது லினக்ஸ் கேச்சைத் தாண்டிப் போய்விடும். 8.4 பதிப்பிலிருந்து லினக்ஸில் அதுவே இயல்பான மதிப்பு. இரண்டு இடத்தில் வைக்கும் தொல்லை இல்லாததால் பஃபர் பூலைத் தைரியமாகப் பெரிதாக்கலாம்.

ஆனால் 75ஐக் கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். பூலை நிர்வகிக்கும் உள் கட்டமைப்புகளுக்காகச் சொன்ன அளவைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் போகும். 24 ஜிபி என்று எழுதினால் 26ஐத் தாண்டும். மீதி 6 ஜிபிக்குள்தான் கனெக்ஷன்கள், பேக்கப், லினக்ஸ் எல்லாம். 32 ஜிபி சர்வருக்கு 20 ஜிபியில் தொடங்கி, சில நாள் பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது. 5.7 பதிப்பிலிருந்து ஓடும்போதே மாற்றலாம். சங்க் (பூலைக் கூட்டிக் குறைக்கும் துண்டு) அளவு 128 எம்பி, இன்ஸ்டன்ஸ் (பூலைப் பிரித்த பகுதிகள்) 8 என்றால் பூல் 1 ஜிபியின் மடங்காகத்தான் இருக்கும், 20.5 ஜிபி கேட்டால் 21 ஆகிவிடும்.

எஃபெக்டிவ் கேச் சைஸை 24 ஜிபி வெச்சேன். மெமரி ஏறவே இல்லையே?

ஏறாது. அது குவெரி பிளானருக்கு (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பகுதிக்கு) சொல்லும் தகவல் மட்டுமே: "ஷேர்டு பஃபர்ஸும் லினக்ஸ் கேச்சும் சேர்ந்து இவ்வளவு தேறும்" என்று. இயல்பு மதிப்பு 4 ஜிபி. 32 ஜிபி சர்வரில் அதையே விட்டால், இண்டெக்ஸ் வழியாகப் படிப்பது செலவு என்று பிளானர் நினைத்து, டேபிள் முழுவதையும் வாரிப் படிக்கக்கூடும். ரேமில் பாதியிலிருந்து முக்கால்வரை சொல்லலாம், ரீலோடு போதும்.

வொர்க் மெம் 64 எம்பி வைக்கலாமா? சின்ன எண்தானே?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். வொர்க் மெம் ஒரு கனெக்ஷனுக்கான உச்சவரம்பு அல்ல, ஒரு குவெரிக்கானதும் அல்ல. குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தலுக்கும்), ஒவ்வொரு ஹாஷுக்கும் (ஜாயின் போன்ற வேலைக்குக் கட்டும் தேடல் பட்டியலுக்கும்) தனித்தனி வரம்பு. ஹாஷுக்கு இன்னொரு பெருக்கலும் உண்டு: ஹாஷ் மெம் மல்டிப்ளையர் 15ஆம் பதிப்பிலிருந்து 2 ஆக இருப்பதால், 64 என்றால் ஹாஷ் 128 எம்பிவரை போகும்.

இரண்டு சார்ட், ஒரு ஹாஷ் உள்ள குவெரியை எடுத்துக்கொள்வோம். 64 + 64 + 128 = 256 எம்பி. 100 கனெக்ஷனும் ஒரே நேரத்தில் இதையே ஓட்டினால் 25 ஜிபி. ஒரே குவெரியைப் பங்கிட்டு ஓட்டும் பேரலல் வொர்க்கர்கள் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பங்கு எடுப்பார்கள். இயல்பாக மொத்தம் 8 பேர்வரை அனுமதி என்பதால் இன்னொரு 2 ஜிபி. ஷேர்டு பஃபர்ஸின் 8ஐச் சேர்த்தால் 35 ஜிபி. ரேமோ 32.

நடைமுறையில் 100ம் ஒன்றாக ஓடாது, ஒவ்வொன்றும் வரம்பைத் தொடாது. வேண்டிய அளவுதான் எடுக்கும். அதனால்தான் இந்தத் தப்பு மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கிறது. பொது மதிப்பாக 16 எம்பியில் தொடங்குங்கள், அடுத்த கேள்வியில் சொல்லும் சாட்சி கிடைத்தால் மட்டும் ஏற்றுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் இதே பொறி ஜாயின் பஃபர், சார்ட் பஃபர் வடிவில் இருக்கிறது. இரண்டும் இயல்பாக 256 கேபி. அவற்றைப் பொதுவாகவே 16 எம்பி ஆக்குவதைவிட, இண்டெக்ஸ் இல்லாத ஜாயினுக்கு இண்டெக்ஸ் போடுவது மேல்.

வொர்க் மெம் பத்தலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குவெரிக்கு முன், அது ஓடும் வழியைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டு, அடைப்புக்குறிக்குள் அனலைஸ், பஃபர்ஸ் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். சார்ட் வரியில் 'குயிக்சார்ட், மெமரி' என்று இருந்தால் ரேமிலேயே முடிந்தது. 'எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க்' என்று இருந்தால் டிஸ்க்கில் வழிந்தது. ஹாஷ் வரியில் 'பேட்சஸ்' 1ஐத் தாண்டினாலும் அதே கதை. பிட்மேப் ஹீப் ஸ்கேனில் 'லாஸி' பிளாக்குகள் தெரிந்தால் பிட்மேப்புக்கும் இடம் போதவில்லை.

சர்வர் முழுமைக்கும் பார்க்க, லாக் டெம்ப் ஃபைல்ஸ் அமைப்பை 0 ஆக்குங்கள். டிஸ்க்கில் வழிந்த ஒவ்வொரு தற்காலிகக் கோப்பும் அளவோடு லாகில் விழும். பிஜி ஸ்டாட் டேட்டாபேஸ் காட்சியில் டெம்ப் ஃபைல்ஸ், டெம்ப் பைட்ஸ் என்ற இரண்டு பத்திகள் மொத்தக் கணக்கைத் தரும். ஒரு நுணுக்கம்: டிஸ்க்கில் 40 எம்பி என்று காட்டினால் 40 எம்பி வொர்க் மெம் போதாது. அதே வரிசைகள் ரேமில் கூடுதல் இடம் பிடிக்கும். இரண்டு மூன்று மடங்கு வைத்துச் சோதியுங்கள்.

ஒரே ஒரு ரிப்போர்ட் குவெரிதான் மெதுவா இருக்கு. அதுக்காக எல்லாருக்கும் ஏத்தணுமா?

வேண்டாம். அந்த டிரான்ஸாக்ஷனுக்குள் மட்டும் 'செட் லோக்கல்' என்று போட்டு வொர்க் மெம்மை 256 எம்பி ஆக்குங்கள். டிரான்ஸாக்ஷன் முடிந்ததும் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும். ரிப்போர்ட்டுக்கென்று தனி யூசர் இருந்தால் 'ஆல்டர் ரோல்' மூலம் அவருக்கு மட்டும் வைக்கலாம். புதிதாக வரும் கனெக்ஷனில்தான் அது தெரியும்.

சில கனெக்ஷன்களைப் பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை டிரான்ஸாக்ஷன் முறையில் வைத்திருப்பவர்கள் 'லோக்கல்' இல்லாத வெறும் 'செட்' போடக்கூடாது. அந்தக் கனெக்ஷன் அடுத்த நொடி வேறொருவர் கைக்குப் போகும், 256 எம்பியும் கூடவே போகும்.

மெயின்டனன்ஸ் வொர்க் மெம்மை 4 ஜிபி வெச்சா வேக்யூம் வேகமாகுமா?

16ஆம் பதிப்புவரை ஆகாது. வேக்யூம் என்பது அழித்த, மாற்றிய பழைய வரிசைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அந்தச் செத்த வரிசைகளின் பட்டியலுக்கு அது 1 ஜிபிக்கு மேல் எடுக்காது. 17இல்தான் அந்த வரம்பு போனது, பட்டியலும் சுருங்கியது. பழைய பதிப்புகளில் ஒரு செத்த வரிசைக்கு 6 பைட். 64 எம்பியில் சுமார் 1 கோடியே 11 லட்சம் வரிசைகள் அடங்கும். அது நிரம்பினால் எல்லா இண்டெக்ஸையும் ஒருமுறை முழுக்கப் படித்துச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கவேண்டும். இண்டெக்ஸ் நிறைய உள்ள பெரிய டேபிளில் வேக்யூம் இழுத்துக்கொண்டே போவதற்கு இது முக்கியக் காரணம்.

நம் சர்வருக்கு 1 ஜிபி வைக்கலாம். இண்டெக்ஸ் கட்டும் வேலையும் இதில்தான் ஓடும். ஆனால் ஆட்டோவேக்யூம் வொர்க் மெம் –1 ஆக இருந்தால் அதுவும் இதே மதிப்பை எடுத்துக்கொள்ளும். இயல்பாக 3 ஆட்டோவேக்யூம் வேலையாட்கள், ஆக 3 ஜிபிவரை. அதைத் தனியாக 256 எம்பி என்று எழுதிவிடுங்கள்.

டாப்புல ஒவ்வொரு ப்ராசஸும் 6 ஜிபி, 7 ஜிபின்னு காட்டுது. 50 ப்ராசஸ் இருக்கே, இது எப்படி 32 ஜிபிக்குள்ள அடங்குது?

எல்லாரும் ஒரே ஷேர்டு பஃபர்ஸைத்தான் தொடுகிறார்கள். டாப் கமாண்ட் அதை ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாக எழுதுகிறது. 'ரெஸ்' பத்தியிலிருந்து 'எஸ்ஹெச்ஆர்' பத்தியைக் கழித்தால் அந்த ப்ராசஸ் தனக்காக வைத்திருப்பது ஏறத்தாழ வரும். துல்லியம் வேண்டுமென்றால் ப்ராக் அடைவுக்குள் அந்த ப்ராசஸின் 'ஸ்மேப்ஸ் ரோலப்' கோப்பில் 'பிஎஸ்எஸ்' வரியைப் பாருங்கள். பகிர்ந்துகொள்ளும் பேஜை அங்கே எத்தனை பேர் பகிர்கிறார்களோ அத்தனையால் வகுத்திருக்கும்.

கனெக்ஷனை 500 ஆக்கினதுக்கு அப்புறம்தான் மெதுவாச்சு. சும்மா இருக்கிற கனெக்ஷனும் மெமரி தின்னுமா?

தின்னும். போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்ஷன் என்பது ஒரு தனி ப்ராசஸ். தொடங்கும்போது சில எம்பிதான். ஆயிரக்கணக்கான டேபிள்களைத் தொட்டுத் தொட்டு அவற்றின் விவரங்களைத் தன் கேச்சில் சேர்த்துக்கொண்டே போகும், கனெக்ஷனை மூடும்வரை பெரும்பாலும் விடாது. டெம்ப் டேபிள் பயன்படுத்தினால் டெம்ப் பஃபர்ஸ் 8 எம்பி வரை தனி. 14ஆம் பதிப்புக்கு முன்னால் சும்மா இருக்கும் கனெக்ஷன்கள் மற்றவர்களின் வேகத்தையும் குறைத்தன. எது முடிந்தது, எது முடியவில்லை என்று கணக்குப் பார்க்க எல்லாக் கனெக்ஷனையும் சுற்றிவர வேண்டியிருந்தது.

500 பேர் வந்தாலும் ஒரே நேரத்தில் வேலை செய்ய சிபியு கோர்கள் சிலதான். முன்னால் பிஜிபவுன்சர் போன்ற பூலரை வைத்து, டேட்டாபேஸுக்குள் 50 அல்லது 100 கனெக்ஷன் மட்டும் விடுங்கள். வொர்க் மெம் கணக்கில் பார்த்த பெருக்கலும் அதோடு சுருங்கிவிடும். இன்னொரு மறைவான செலவும் உண்டு, அது அடுத்த பதிலில்.

ஹியூஜ் பேஜஸ் அவசியமா? எப்படிப் போடுறது?

லினக்ஸ் சாதாரணமாக ரேமை 4 கேபி துண்டுகளாகப் பிரிக்கும். 8 ஜிபி ஷேர்டு பஃபர்ஸ் என்றால் சுமார் 21 லட்சம் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பேஜ் டேபிளில் (எந்தத் துண்டு ரேமில் எங்கே என்று குறிக்கும் பட்டியலில்) 8 பைட் பதிவு, ஆக 16 எம்பி. பஃபர் முழுவதையும் தொட்டுவிட்ட ஒவ்வொரு ப்ராசஸும் இந்த 16 எம்பியைத் தனியாக வைத்திருக்கும். 100 கனெக்ஷனுக்கு 1.6 ஜிபி; முந்தைய கேள்வியின் 500க்கு 8 ஜிபி, அதாவது ஷேர்டு பஃபர்ஸ் அளவுக்கே. ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோ கோப்பில் 'பேஜ்டேபிள்ஸ்' வரியில் இதைப் பார்க்கலாம். 2 எம்பி ஹியூஜ் பேஜில் அதே 8 ஜிபிக்கு 4,096 துண்டுகள், 32 கேபி பதிவு.

போடும் முறை: டேட்டாபேஸை நிறுத்துங்கள். 15ஆம் பதிப்பு முதல் 'ஷேர்டு மெமரி சைஸ் இன் ஹியூஜ் பேஜஸ்' என்ற மதிப்பைச் சர்வர் நிரலிடமே பெரிய 'சி' ஆப்ஷனோடு கேட்டால் எத்தனை பேஜ் தேவை என்று சொல்லும். 4,096ஐவிடக் கொஞ்சம் கூடவே வரும், பஃபர் தவிர மற்றப் பகிர்வு நினைவகமும் உண்டே. அந்த எண்ணை 'விஎம்' பிரிவின் 'என்ஆர் ஹியூஜ்பேஜஸ்' அமைப்பில் எழுதுங்கள். இயந்திரம் பல நாள் ஓடியிருந்தால் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் கேட்டதைவிடக் குறைவாகத் தரும். அப்போது இயந்திரத்தையே ரீபூட் செய்யவேண்டும். தாராளமாக ஒதுக்கிவிடவும் கூடாது: ஒதுக்கிய ஹியூஜ் பேஜை வேறு யாரும் பயன்படுத்த முடியாது.

போஸ்ட்கிரெஸில் ஹியூஜ் பேஜஸ் அமைப்பு 'ட்ரை' என்று இருக்கும். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்குத் திரும்பிவிடும். 'ஆன்' என்று மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் தொடங்கவே மறுக்கும், உங்களுக்கும் தெரிந்துபோகும். பெயர் ஒத்திருக்கும் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜஸ் வேறு சமாச்சாரம். பின்னணியில் தானாகப் பேஜ்களை ஒட்டும் அந்த வேலை டேட்டாபேஸில் திடீர்த் தாமதங்களைத் தரக்கூடியது, அணைத்துவைப்பதே வழக்கம்.

ராத்திரில டேட்டாபேஸ் தானா ரீஸ்டார்ட் ஆகுது. லாகில் 'சிக்னல் 9'னு இருக்கு. யார் கொல்றா?

லினக்ஸின் ஓஓஎம் ('அவுட் ஆஃப் மெமரி') கில்லர். ரேமும் ஸ்வாப்பும் தீர்ந்ததும் பெரிய ப்ராசஸாகப் பார்த்துக் கொல்லும். கர்னல் லாகில், அதாவது டிமெசெக்கில், கொன்ற நேரமும் ப்ராசஸ் எண்ணும் இருக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்ஷன் ப்ராசஸ் இப்படிச் செத்தால், பகிர்வு நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் தாய் ப்ராசஸ் எல்லாக் கனெக்ஷனையும் அறுத்துவிட்டு மீட்பு வேலை செய்து திரும்ப எழும். நீங்களாகக் கையால் 'கில்' 9 கொடுத்தாலும் இதேதான் நடக்கும், கொடுக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல் ஒரே ப்ராசஸ் என்பதால் மொத்தமாகவே போகும்.

தடுக்க, லினக்ஸின் ஓவர்கமிட் மெமரி அமைப்பை 2 ஆக்குங்கள். அப்போது லினக்ஸ் இல்லாத நினைவகத்துக்கு வாக்குக் கொடுக்காது. வரம்பைத் தாண்டிக் கேட்கும் குவெரி மட்டும் 'அவுட் ஆஃப் மெமரி' பிழையோடு விழும், சர்வர் நிற்காது. வரம்பு என்பது ரேமில் ஓவர்கமிட் ரேஷியோ சதவீதம், கூட ஸ்வாப். ரேஷியோ இயல்பாக 50. 4 ஜிபி ஸ்வாப்போடு 20 ஜிபிதான் வரும், 32 ஜிபி ரேமைக்கூட முழுதாகக் கேட்க முடியாது. 80 ஆக்கினால் 29.6 ஜிபி. ஹியூஜ் பேஜஸ் ஒதுக்கியிருந்தால் அதை முதலில் ரேமிலிருந்து கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

ஸ்வாப்பை முழுசா அணைச்சிட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?

தீராது, கொலைதான் சீக்கிரம் நடக்கும். 2 முதல் 4 ஜிபி ஸ்வாப் இருக்கட்டும். ஸ்வாப்பை எவ்வளவு எளிதில் நாடலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஸ்வாப்பினெஸை 60இலிருந்து 1 அல்லது 10க்கு இறக்குங்கள். எப்போதோ தூங்கும் ப்ராசஸின் பேஜ்கள் சில நூறு எம்பி அங்கே கிடப்பதில் தவறில்லை. விஎம்ஸ்டாட்டில் பார்த்த அந்த இரண்டு பத்திகளும் ஓடிக்கொண்டே இருந்தால், உங்கள் அமைப்புகளின் கூட்டுத்தொகை ரேமைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

ஹிட் ரேஷியோ 99 சதவீதம் வருது. அப்புறம் ஏன் மெதுவா இருக்கு?

கேட்ட பேஜ்களில் எத்தனை ஷேர்டு பஃபர்ஸிலேயே கிடைத்தன என்ற அந்த விகிதத்தை நம்பி யாரும் தூங்கப் போகவேண்டாம். போஸ்ட்கிரெஸ் 'ரீட்' என்று எண்ணுவதில் லினக்ஸ் கேச்சிலிருந்து வந்ததும் அடக்கம். அதனால் விகிதம் குறைவாக இருந்தாலும் டிஸ்க் மேல் பழி போட முடியாது. ட்ராக் ஐஓ டைமிங்கை ஆன் செய்தால் படிக்க எவ்வளவு நேரமானது என்றே தெரியும்.

விகிதம் அதிகமாக இருந்தும் மெதுவாக இருந்தால், எக்ஸ்ப்ளெய்னில் 'ஷேர்டு ஹிட்' எத்தனை என்று பாருங்கள். 10 லட்சம் என்றால், 8 கேபி வீதம் சுமார் 7.6 ஜிபியை ஒரே குவெரி ரேமுக்குள்ளேயே புரட்டியிருக்கிறது. அதன் ஹிட் ரேஷியோ 100 சதவீதம்! அதற்கு ரேம் மருந்தில்லை, சரியான இண்டெக்ஸ்தான் மருந்து.

பெரிய டேபிளை யாராவது முழுசா ஸ்கேன் பண்ணினா கேச் கலைஞ்சிடாதா?

ஷேர்டு பஃபர்ஸில் கால்வாசிக்கு மேல் பெரிதான டேபிள் என்றால், போஸ்ட்கிரெஸ் ஷேர்டு பஃபர்ஸுக்குள் சின்ன வளையம் ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும். மற்றப் பேஜ்களைத் தள்ளாது. லினக்ஸ் கேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்னோடிபி புதிதாக வரும் பேஜைப் பட்டியலின் பழைய பகுதியில்தான் சேர்க்கும், அது மொத்தத்தில் 37 சதவீதம். 1 நொடிக்குப் பிறகும் யாராவது அந்தப் பேஜைத் தொட்டால்தான் மேலே ஏறும்.

ரீஸ்டார்ட் பண்ணினா அரை மணி நேரத்துக்கு எல்லாமே மந்தமா இருக்கே?

பஃபர் காலியாகத் தொடங்குவதால்தான். போஸ்ட்கிரெஸில் பிஜி ப்ரீவார்மை ஷேர்டு ப்ரீலோடு லைப்ரரீஸில் சேருங்கள். 11ஆம் பதிப்பிலிருந்து எந்தெந்தப் பேஜ் பஃபரில் இருந்தது என்று 300 நொடிக்கு ஒருமுறை குறித்துவைத்து, எழுந்ததும் தானே ஏற்றும். இன்னோடிபி 5.7இலிருந்து நிற்கும்போது தானே பட்டியலைச் சேமிக்கிறது, ஆனால் அண்மையில் பயன்பட்ட 25 சதவீதத்தை மட்டும். வேண்டுமானால் 'டம்ப் பிசிடி' மதிப்பை ஏற்றலாம்.

கன்டெய்னர்ல ஓடுது. இதே கணக்கா?

கால்வாசி, முக்கால்வாசி எல்லாம் கன்டெய்னருக்குக் கொடுத்த வரம்பில் போடவேண்டும். உள்ளே ஃப்ரீ கமாண்ட் போட்டால் வெளி இயந்திரத்தின் ரேமைக் காட்டி ஏமாற்றும். வரம்பைத் தாண்டினால், வெளியே ரேம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஓஓஎம் கில்லர் வரும்.

டாக்கரில் பகிர்வு நினைவகப் பகுதி இயல்பாக 64 எம்பி. பேரலல் குவெரி அதில்தான் இடம் கேட்கும். டிஸ்க்கில் இடமிருந்தும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று விழுந்தால் இதுதான் காரணம். கன்டெய்னரைத் தொடங்கும்போது 'ஷெம் சைஸ்' ஆப்ஷனில் 1 ஜிபி கொடுங்கள்.

கோப்புல மாத்தினேன், ஆனா பழைய மதிப்பே காட்டுது. ஏன்?

நான்கு சந்தேகங்கள், வரிசையாக. ரீஸ்டார்ட் தேவைப்படுவதை ரீலோடு மட்டும் செய்தீர்களா? பிஜி செட்டிங்ஸ் காட்சியில் 'பெண்டிங் ரீஸ்டார்ட்' பத்தி சொல்லிவிடும். யாராவது முன்பு 'ஆல்டர் சிஸ்டம்' போட்டிருந்தால் அது தனியாக 'ஆட்டோ கான்ஃப்' கோப்பில் இருக்கும். நீங்கள் மாற்றியதை அது மிஞ்சும். யூசருக்கோ டேட்டாபேஸுக்கோ தனி மதிப்பு வைத்திருந்தால் அது இரண்டையும் மிஞ்சும்.

கடைசியாக அலகு. வொர்க் மெம்முக்கு அலகில்லாமல் 64 என்று எழுதினால் 64 கேபி. ஷேர்டு பஃபர்ஸில் அலகில்லாத எண் 8 கேபி பேஜ்களின் எண்ணிக்கை. அலகில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதமும் உண்டு: எம்பிக்கு இரண்டும் பெரிய எழுத்து, கேபிக்கு முதல் எழுத்து சிறியது, இரண்டாவது பெரியது.

வொர்க் மெம்மை ஏத்தினதும் ஒரு குவெரி மட்டும் முன்னைவிட மெதுவாச்சு. இது எப்படி?

பிளானர் வழியை மாற்றிக்கொண்டது. இடம் தாராளம் என்றதும், வரிசைப்படி வரும் இண்டெக்ஸை விட்டுவிட்டு டேபிள் முழுவதையும் படித்து ஹாஷ் போடுவது மலிவு என்று அதற்குத் தோன்றும். எத்தனை வரிசை வரும் என்ற அதன் மதிப்பீடு தப்பாக இருந்தால் அந்தக் கணக்கும் தப்பாகும். எஃபெக்டிவ் கேச் சைஸை உண்மைக்கு மீறி ஏற்றினாலும் எதிர்ப்பக்கமாக இதே மாதிரி நடக்கும்: கேச்சில் இல்லாத பேஜ்களை இண்டெக்ஸ் வழியாக ஒவ்வொன்றாக டிஸ்க்கில் தேடும்.

ஒரே செஷனில் 'செட்' மூலம் பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் வைத்து எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸை மும்மூன்று தடவை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம், அது கேச்சை நிரப்பிய ஓட்டம். இரண்டு பிளானிலும் 'ரோஸ்' மதிப்பீடும் உண்மையில் வந்த வரிசைகளும் எங்கே பல மடங்கு விலகுகின்றன என்று தேடுங்கள். அந்த டேபிளுக்கு 'அனலைஸ்' கட்டளை ஓட்டியும் விலகல் போகவில்லை என்றால், அந்தப் பத்தியின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அளவை 100இலிருந்து 500க்கு ஏற்றி இன்னொருமுறை ஓட்டுங்கள். வொர்க் மெம்மைப் பழைய மதிப்புக்கு இறக்குவது இதெல்லாம் பார்த்த பிறகுதான்.